ஊசி உள்ளே, பூச்சி வெளியே

போன மாதம் டப்பிங் ரெக்கார்டிங்கில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வானத்திலிருந்து வந்த ஒரு ஜந்து, கப்பலில் இருப்பவர்களை ஒவ்வொருவராகக் கொல்லும் படம். கதவு மூடும் காட்சிக்கு உங்களில் ஒருவர் அடுக்கு மொழியில் ஒரு வரி எழுதியிருந்தார். வாயசைவுக்கு அச்சாகப் பொருந்தியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள்கூடக் கை தட்டினார்கள். நான் மட்டும் அந்த வரியை எடுத்துவிடச் சொன்னேன். ஏன் என்று கேட்டபோது பதில் சொல்லவில்லை. நாலு பேர் ஒரே நேரத்தில் என் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது.

இப்போது கண் மங்கிவிட்டது. திரையில் வாயசைவு சரியாகத் தெரிவதில்லை. அதனால் வயதுக்கு முன்னாலேயே விலகுகிறேன். விலகும் நாளில் பேசச் சொன்னீர்கள். எழுதித் தருகிறேன் என்றேன். அந்த வரியை ஏன் எடுக்கச் சொன்னேன் என்பதற்கான பதில்தான் இது. கொஞ்சம் நீளமான பதில்.

நான் பத்தாவது வரை படித்தவள். இங்கிலீஷில் முப்பத்தெட்டு மார்க். எங்கள் ஊர் சந்தவாசல். எண்பதுகளின் நடுவில் என் அண்ணன் ஒரு கலர் டிவியும் ஒரு வீடியோ டெக்கும் வாங்கினார். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். ஒரு வருஷத்தில் அடிவாரத்து ஊர்களில் எல்லாம் ஆளுக்கொரு டெக் வந்துவிட்டது. அதனால் மலைமேல் போகத் தொடங்கினோம்.

ஜமுனாமரத்தூரில் சந்தை கூடும் நாள் மட்டும் காட்சி. ஒரு புளி மண்டிக்காரர் தன் குடோனில் பாதியை விட்டுக்கொடுத்தார். ஜன்னலில் சாக்கு கட்டிவிட்டால் பகல் பன்னிரண்டு மணிக்கும் உள்ளே இருட்டுதான். காலையில் ஒரு காட்சி, மத்தியானம் ஒன்று. நாலு மணிக்குள் முடித்தாக வேண்டும். வந்தவர்களில் பாதிப் பேர் இருட்டுவதற்குள் வீட்டுக்கு நடக்க வேண்டியவர்கள். டிவி மண்டியிலேயே இருக்கும். டெக்கைக் கம்பளியில் சுற்றி, போளூரிலிருந்து மலை ஏறும் பஸ்ஸில் என் மடியில் வைத்துக்கொண்டு வருவேன். வளைவு திரும்பும்போதெல்லாம் கைக்குழந்தையைப் போல அணைத்துக்கொள்ள வேண்டும்.

தமிழ்ப்படக் கேசட் வேலூர்க் கடையில் எளிதில் கிடைக்காது. கிடைத்தாலும் வாடகை அதிகம். இங்கிலீஷ் ஜந்துப் படங்கள் எப்போதும் கிடைக்கும். "பயப்படறதுக்கு பாஷை எதுக்கு" என்பது அண்ணனின் கணக்கு. அந்தக் கணக்கு முதல் நாளே தப்பியது. படம் தொடங்கிய ஐந்தாவது நிமிஷம் "இன்னா சொல்றான்?" என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். அவர் பின்னால் இருந்தவரைக் கேட்டார். கொஞ்ச நேரத்தில் குடோன் முழுக்க எல்லாரும் எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பத்தாவது படிச்சவதானே, நீ சொல்லு" என்று அண்ணன் மைக்கை என் கையில் கொடுத்தார்.

ஆள் எதிரே நின்று பேசுவதென்றால் கடைக்காரரிடம் உப்பு கேட்கவே எனக்கு வராது. அதனால் புளி மூட்டைகளை அடுக்கி, அதன் பின்னால் ஒரு சந்து உண்டாக்கிக்கொண்டேன். அங்கிருந்து டிவி பக்கவாட்டில் தெரியும். என்னை யாருக்கும் தெரியாது. டிவியின் இரண்டு பக்கமும் இருந்த ஒலிபெருக்கியில் என் குரல் வரும். முகம் தெரியாது என்ற தைரியத்தில் என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. கனமாகவும் நிதானமாகவும் வந்தது.

வந்தவர்கள் அந்தக் குரல் டெக்குக்குள்ளிருந்துதான் வருகிறது என்று நினைத்துக்கொண்டார்கள். நாங்களும் திருத்தவில்லை.

அடுத்தது, சொல் பிரச்சினை. வானத்திலிருந்து வருகிற அந்த ஜந்துவை என்னவென்று சொல்வது? பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்தபடி "வேற்றுக்கிரகவாசி" என்றேன். குடோனில் சத்தமே இல்லை. முதல் வரிசையில் தலைப்பாகை கட்டிய ஒருவர் எழுந்தார்.

"ஏ பொட்டி, அது இன்னா உத்தியோகம்? புதுசா போட்டிருக்காங்களே வி.ஏ.ஓ., அந்த மாதிரியா?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடானது. ஆனால் மைக் கையில் இருந்தது. "முன்வரிசையில தலப்பா கட்டிக்கினு கீறவரே, கொஞ்சம் குந்துங்க. பின்னாடி கீறவங்களுக்கு மறைக்குது" என்றேன்.

குடோன் அதிர்ந்தது. அவர் தலைப்பாகையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, "டேய், பொட்டிக்குக் கண்ணு கீதுடா" என்றார்.

அவர் பெயர் சின்னாண்டி. தேனும் கடுக்காயும் சந்தைக்குக் கொண்டுவருபவர். அன்றிலிருந்து ஒரு காட்சிகூட விட்டதில்லை. பொட்டியோடு வாயாடுவதற்காகவே வந்தார் என்றுகூடச் சொல்லலாம். என்னோடு அத்தனை சரளமாக அதற்குமுன் யாரும் பேசியதில்லை. நானும் யாரோடும் பேசியதில்லை.

"வேற்றுக்கிரகவாசி" எடுபடாததால் "வானத்துப் பூச்சி" என்று மாற்றினேன். உடனே புரிந்துகொண்டார்கள். பூச்சி எல்லார் வீட்டிலும் உண்டு. சாமையில் பூச்சி, புளியில் பூச்சி, பிள்ளைகள் வயிற்றில் பூச்சி. அது ஒன்றுதான் வானத்திலிருந்து வந்திருக்கிறது, அவ்வளவுதான். நல்ல சொல் கிடைத்துவிட்டது என்று எனக்குப் பெருமை. இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். எல்லாருக்கும் வீட்டில் தெரிந்த சொல், எல்லார் வீட்டுக்கும் போய்ச் சேரும்.

அப்புறம் அந்தக் கேசட் வந்தது. மேலே பெயர் ஒட்டியிருக்கவில்லை. தலைப்பு ஓடும் பகுதியே அறுந்து போயிருந்தது. வேறொரு கிரகத்தில் சுரங்கம் தோண்டும் ஏழு பேர். குழியிலிருந்து பனி மாதிரி ஒன்று கிளம்பி, தூங்குகிறவனின் வாயோரம் படியும். இரண்டு நாளில் அவன் வயிறு வீங்கும். பிறகு தொப்புள் வழியாக நூல் நூலாக ஏதோ வெளியே வந்து, தரையில் ஒன்று சேர்ந்து எழுந்து நிற்கும். கண் கிடையாது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஈரம் மட்டும் மினுங்கும்.

ஏழு பேரில் ஒருவர் டாக்டர். வெள்ளை அங்கி, மூக்கையும் வாயையும் மூடிய துணி. வயிறு வீங்கிய முதல் ஆளைப் படுக்கவைத்து, தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரு நீளமான ஊசியைப் போடுவார். போட்ட உடனே நூல்கள் வெளியே வரும். அப்போது டாக்டர் நீளமாக ஏதோ சொன்னார். அதில் "டைம்" என்ற ஒரு வார்த்தை மட்டும்தான் எனக்குப் பிடிபட்டது.

குடோனில் நூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு என் குரலுக்குக் காத்திருந்தார்கள். எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. பார்த்ததை வைத்து ஒரு முடிவுக்கு வந்தேன். டாக்டர் நல்லவன் இல்லை, பூச்சிக்கு ஆள், ஊசி வழியாகத்தான் அதை உள்ளே விடுகிறான். அதை எப்படிச் சொல்வது என்று யோசிப்பதற்குள் வாயில் வந்துவிட்டது.

"ஊசி உள்ளே, பூச்சி வெளியே."

சத்தம் கூரையைத் தொட்டது. பெண்கள் முந்தானையால் கண்ணை மூடிக்கொண்டு மறுபடி விலக்கிப் பார்த்தார்கள். சின்னாண்டி எழுந்து நின்று, "இன்னொரு தபா சொல்லு பொட்டி" என்றார். சொன்னேன். படம் முடிவதற்குள் ஏழு தடவை சொல்லியிருப்பேன், டாக்டர்தான் ஊசியில் பூச்சியை உள்ளே விடுகிறான் என்பதையும் சேர்த்து.

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். படத்தின் பின்பாதியில் ஒரு இடத்தில் டேப் கெட்டுப் போயிருந்தது. திரை முழுக்கக் கோடும் மழையும். அந்த இடம் ஓடினால் டெக்கின் ஹெட்டில் அழுக்கு ஏறிவிடும் என்று அண்ணன் அதை ஒவ்வொரு முறையும் வேகமாகத் தள்ளிவிடுவார். இரண்டு நிமிஷம் இருக்கலாம். அதற்குள் என்ன இருந்தது என்று எங்களில் யாரும் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

ஜனங்கள் கேட்டார்கள் என்று அந்தப் படத்தையே மூன்று சந்தைக்குப் போட்டோம். நான்காவது வாரம் பஸ்ஸை விட்டு இறங்கும்போது, புளி நிறுக்கும் இடத்தில் பிள்ளைகள் வட்டமாக நின்று கை தட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். ஊசி உள்ளே, பூச்சி வெளியே. கண்டக்டரும் சேர்ந்து முணுமுணுத்தார். நான் டெக்கை மடியோடு அணைத்துக்கொண்டு, யாரிடமாவது அது என் வரி என்று சொல்ல முடியாதா என்று ஏங்கியபடி நடந்தேன்.

அடுத்த சந்தையன்று காலை, குடோனில் சாக்கு கட்டிக்கொண்டிருந்தபோது ஆஸ்பத்திரி நர்சம்மா வந்தார். காட்சி தொடங்க இன்னும் நேரம் இருந்தது.

"பொட்டியில பேசறது யாரு?"

அண்ணன் டெக்கைக் காட்டினார். நர்சம்மா அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. மூட்டைச் சந்தில் நின்ற என்னைப் பார்த்தார்.

"நீயா?"

நான் தலையசைத்தேன்.

"சின்னாண்டின்னு ஒருத்தர், தெரியுமா? போன சந்தை முடிஞ்சி வூட்டுக்குப் போறச்ச நாய் கடிச்சிட்ச்சி. மறுநாளே வந்தாரு. தொப்புளச் சுத்தி பதினாலு ஊசி, நாளுக்கு ஒண்ணு. நாலு போட்டுக்கினாரு. போட்ட எடத்துல கட்டி கட்டியா வீங்கிக்கிச்சி. அது எல்லாருக்கும் வீங்கறதுதான். அஞ்சாவது நாள்லருந்து ஆளக் காணோம். நேத்தோட ரெண்டு ஊசி தப்பிடுச்சி."

"ஏன்?" என்றேன். ஏனென்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"நேத்து வூட்டுக்கே போனேன். கதவ சாத்திக்கினு உள்ள இருந்து பாடறாரு. நீ கட்டின பாட்டத்தான்."

அண்ணன் குறுக்கே வந்தார். "படத்தப் பார்த்துட்டு அவரு பயந்தா நாங்க இன்னாங்க பண்றது?"

"அந்த நாய் செத்துப் போச்சுப்பா" என்றார் நர்சம்மா. குரல் உயரவில்லை. "வெறிநாய்தான். மனுஷனுக்கு அது ஏறிடுச்சின்னா மருந்தே கிடையாது. இன்னிக்கி நாளைக்கி உட்டா ஊசி போட்டும் பிரயோசனம் இல்லாம போயிடும். நான் சொன்னா கேக்கல. டாக்டர் சொன்னாலும் கேக்கமாட்டாரு. படத்துல டாக்டர்தானே பூச்சி உட்டவரு."

நர்சம்மா வெளியே போய் நின்றார். அண்ணன் என்னிடம் தணிந்த குரலில் பேசினார். "நீ போய் நான்தான் பேசினேன்னு சொன்னா, அந்தாளுக்கு ஏதாவது ஆச்சின்னா ஊரே நம்ம மேல வரும். பேசாம இரு. நர்சம்மா பாத்துக்குவாங்க."

அண்ணன் கெட்டவர் இல்லை. கடன் வாங்கித்தான் டெக் வாங்கியிருந்தார். ஆனால் எனக்கு வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. சின்னாண்டி அந்த வரியை இன்னொரு தபா சொல்லச் சொன்னார். நான் ஏழு தடவை சொன்னேன். நான் போனேன்.

சாமைக் கொல்லைகளின் நடுவே அரை மணி நேர நடை. வழியில் நர்சம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

வீட்டு வாசலில் சின்னாண்டியின் மனைவி பச்சையம்மாள் உரலில் சாமை குத்திக்கொண்டிருந்தார். கதவு சாத்தியிருந்தது. "இன்னிக்கும் தொறக்கமாட்டேன்னு சொல்ட்டாருங்க" என்றார் நர்சம்மாவிடம். அப்புறம் என்னை யாரென்பது போலப் பார்த்தார்.

"சொல்லு" என்றார் நர்சம்மா.

சாத்திய கதவு, உரல், இரண்டு பெண்களின் கண்கள். ஒரு எழுத்துகூட வரவில்லை. அப்புறம் என்ன தோன்றியதோ, திரும்பி அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொல்லையைப் பார்த்து நின்றேன். யாருடைய முகமும் தெரியவில்லை. அப்போது அந்தக் குரல் வந்தது.

"முன்வரிசையில தலப்பா கட்டிக்கினு கீறவரே, கொஞ்சம் குந்துங்க. பின்னாடி கீறவங்களுக்கு மறைக்குது."

உரல் சத்தம் நின்றது. கதவு திறந்தது.

"பொட்டி?" என்றார் சின்னாண்டி.

நான் திரும்பினேன். "பொட்டி இல்லீங்க. நான்தாங்க பேசறது. மூட்டைக்குப் பின்னாடி குந்திக்கினு."

அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். தலைப்பாகை இல்லாமல், இரண்டு நாள் தாடியோடு வேறு ஆளாகத் தெரிந்தார். "இம்மாஞ்சூண்டு பொண்ணா?"

"ஆமாங்க."

"அப்போ படத்துல கீறவன் சொன்னத்த எடுத்துச் சொன்னே."

"இல்லீங்க. எனக்கு இங்லீஷ் வராது. நானா சொன்னதுங்க."

"வராமயேவா? இத்தினி படத்துக்கும்?"

"கொஞ்சம் கொஞ்சம் வரும். ஊசி போடறப்போ அந்த டாக்டர் சொன்னது எனக்குப் புரியலீங்க."

"அப்போ ஊசி உள்ளே பூச்சி வெளியே?"

"ஓசை நல்லா இருந்துச்சிங்க. அதான்."

பச்சையம்மாள் உலக்கையைச் சுவரில் சாய்த்தார். "ஓசை நல்லா இருந்துச்சாம். இங்க ஒரு மனுஷன் ரெண்டு நாளா வயித்தப் புடிச்சிக்கினு குந்தினு கீறான்."

சின்னாண்டி வேட்டியைச் சற்றுத் தளர்த்தித் தொப்புளைக் காட்டினார். சுற்றி நாலு இடத்தில் எலுமிச்சம்பழ அளவுக்குத் தடித்துச் சிவந்திருந்தது. "பாரு. ராவுல உள்ள நவுறுது. சத்தியமா சொல்றேன், நவுறுது."

"அது மருந்து கட்டினது" என்றார் நர்சம்மா.

"நீங்க அப்படித்தான் சொல்வீங்க." அவர் என்னிடம் திரும்பினார். இப்போது கிண்டல் இல்லை. "பாப்பா, நீ ஒண்ணு சொல்லு. அன்னிக்கி ஊசியில பூச்சி வருதுன்னு சொன்னதும் உன் வாய். இன்னிக்கி வரலன்னு சொல்றதும் உன் வாய். ரெண்டுல எது பொய்யி? நர்சம்மா மெரட்டிக் கூட்டியாந்து சொல்லச் சொன்னா நீ சொல்லமாட்டியா?"

இதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்த இடம். தவறைத் திருத்த நம்மிடம் இருப்பதும் அதே வாய்தான். கெட்டுப்போன வாயால் எத்தனை நல்லது சொன்னாலும் அது இன்னொரு வசனம்.

வழி சொன்னவர் பச்சையம்மாள்தான். அவர் ஒரு தடவைதான் படம் பார்த்திருந்தார், அதுவும் கடைசி வரிசையில். "அந்தப் படத்த மறுபடி போடு" என்றார். "இவரு பார்க்கட்டும். நானும் பார்க்கறேன். நீ மட்டும் வாயத் தொறக்காத."

மத்தியானக் காட்சிக்கு அந்தக் கேசட்டைப் போட்டோம். நல்லவேளை, அண்ணன் அதைத் திருப்பிக் கொடுத்திருக்கவில்லை. அந்த வரியைக் கேட்கும் ஆசையில் குடோன் நிரம்பியது. சின்னாண்டி தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். பக்கத்தில் பச்சையம்மாள். நர்சம்மா கதவோரம் நின்றார். நான் டிவியின் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு, மைக்கை அணைத்து, மூட்டைச் சந்தில் போய் உட்கார்ந்தேன்.

"பொட்டிக்கு இன்னா ஆச்சி?" என்று யாரோ கேட்டார்கள்.

"தொண்டை கட்டிக்கிச்சி போல."

"ஏம்மே, எதுனா பேசு."

என் வேலையில் அதைவிடக் கடினமான ஒன்றரை மணி நேரம் இருந்ததில்லை. பனி கிளம்புகிறது, வாயோரம் படிகிறது, ஒவ்வொரு இடத்திலும் ஒரு வரி நாக்கு நுனிவரை வந்து நிற்கும். டாக்டர் முதல் ஊசியைப் போட்டபோது பிள்ளைகள் தாங்களாகவே பாட ஆரம்பித்தார்கள். பச்சையம்மாள் திரும்பி ஒரு முறை பார்த்தார். அடங்கிவிட்டது.

கெட்டுப்போன இடம் நெருங்கியது. பழக்கத்தில் அண்ணனின் விரல் பட்டனுக்குப் போனது. நான் சந்திலிருந்து கையை நீட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"தள்ளாதீங்க அண்ணா."

"கேசட் போயிடும். டெக்கும் சேர்ந்து போயிடும்."

"போவட்டும்."

"வாடகைக் கேசட்டும்மா."

"அதுக்குள்ள இன்னா கீதுன்னு நமக்கே தெரியாது" என்றேன்.

அண்ணன் விரலை எடுத்துக்கொண்டார்.

திரையில் மழை அடித்தது. கோடுகளுக்கு நடுவில் துண்டு துண்டாகத்தான் தெரிந்தது. ஒரு படுக்கை. ஒரு ஆள் படுத்திருக்கிறான். முகம் தெரியவில்லை. கையில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருக்கிறது. வெள்ளை அங்கி குனிகிறது. ஊசி. பிறகு வெறும் கோடு. "இன்னா சொல்றான்?" என்று பின்னால் ஒருவர் கேட்டார். மறுபடி படுக்கை தெரிந்தபோது நூல் எதுவும் இல்லை. அந்த ஆளின் வயிறு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதோடு மழை முடிந்தது.

நான் சின்னாண்டியைப் பார்த்தேன். அவர் ஒரு கையைத் தன் வயிற்றின்மேல் வைத்திருந்தார்.

கடைசிக் காட்சி எங்கள் எல்லாருக்கும் மனப்பாடம். ஏழு பேரில் மூன்று பேர் மட்டும் சுரங்கத்தை விட்டு வெளியே நடந்து வருவார்கள். அதை ஆறு காட்சியில் பார்த்தவள் நான். பச்சையம்மாள் சட்டென்று எழுந்தார். நேராக டிவிக்குப் போய், மூன்றாவதாக நடந்து வருகிறவனின் கைமேல் விரலை வைத்தார்.

"இந்தச் செவப்புத் துணி. இவன்தானே அங்க படுத்துக்கினு கீறவன்?"

முன்வரிசைப் பிள்ளைகள் எம்பிப் பார்த்தார்கள்.

"ஊசி போட்டுக்கினவன் நடக்கிறான் பாருய்யா" என்றார் புருஷனிடம். "செத்த நாலு பேருல மூணு பேரு ஊசியே போடாதவங்க. அந்த மொத ஆளுக்குப் பூச்சி உள்ள வளந்தப்புறம் லேட்டா போட்டான், செத்தான்."

படம் முடிந்து திரை நீல நிறமாகியது. சின்னாண்டி மடியிலிருந்த தலைப்பாகையை எடுத்து நிதானமாகக் கட்டிக்கொண்டு எழுந்தார்.

"நர்சம்மா, ஊசி எங்க கீது?"

"ஆஸ்பத்திரியில. வாங்க."

"வர்றேன். ஒண்ணே ஒண்ணு. போடறச்ச எவனும் பாட்டு பாடக் கூடாது."

அன்றே போட்டார்கள். தப்பிய நாட்களை டாக்டர் எப்படிச் சரிக்கட்டினாரோ, அது எனக்குத் தெரியாது. மீதி ஊசி முடியும்வரை கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். கேசட் என்ன ஆயிற்று என்றால், ரீவைண்ட் போட்டபோது டெக் அதை மென்றுவிட்டது. நானும் அண்ணனும் மண்டி விளக்கில் உட்கார்ந்து கத்தரிக்கோலால் டேப்பை வெட்டி எடுத்தோம். கடைசியில் அண்ணன், "அந்த டாக்டர் அப்போ இன்னாதான் சொன்னான்?" என்று கேட்டார்.

"தெரியலண்ணா" என்றேன். இன்றுவரை தெரியாது. அப்புறம் அந்தப் படத்தை நான் எங்கும் பார்க்கவில்லை.

அடுத்த சந்தையில் முதல் வரிசையில் அந்த இடம் காலியாக இருந்தது. அதற்கடுத்த சந்தையிலும். வெறி ஏறுவதென்றால் இரண்டு மாதம் கழித்தும் ஏறலாம் என்று யாரோ பஸ்ஸில் பேசிக்கொண்டு வந்தார்கள். நான் வேறு படங்களுக்குப் பேசினேன். பார்த்ததை மட்டும் சொன்னேன். "ஓடறான்." "கதவு மூடிக்கிச்சி." ஜனங்களுக்குச் சப்பென்று இருந்தது. கூட்டம் பாதியாகக் குறைந்தது. அண்ணன் சொல்லிக்காட்டவில்லை.

மூன்றாவது சந்தையில், விளக்கை அணைத்த பிறகு யாரோ உள்ளே வந்து முதல் வரிசையில் இடம் பிடித்தார். திரை வெளிச்சத்தில் தலைப்பாகை தெரிந்தது. இளைத்திருந்தார். பக்கத்தில் பச்சையம்மாள். என் கண் நிறைந்து டிவி மங்கலாகிவிட்டது. அந்தப் படத்திலும் ஒரு ஜந்து. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் அதன் எதிரே நின்று ஒரு பெண் அழுதுகொண்டே நீளமாக ஏதோ பேசுகிறாள். எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. மைக்கை மடியில் இறக்கினேன்.

"ஏ பொட்டி" என்றார் சின்னாண்டி. குரல் பழையபடிதான் இருந்தது. "இன்னா சொல்றா?"

நான் மைக்கைப் பிடித்தேன். "தெரியலீங்க."

குடோனே சிரித்தது. அவர் திரும்பிக் கையைக் காட்டி எல்லாரையும் அடக்கினார். "சிரிக்காதீங்கடா. தெரியலன்னு சொல்லுது. நாமளே பாப்போம்."

"அந்த பூச்சி அவ புள்ளையா இருந்திருக்கும்" என்றார் பின்வரிசையிலிருந்து ஒருவர்.

"இல்ல, புருஷன்" என்றாள் ஒரு பெண். "மோதிரத்தப் பார்த்துத்தானே அழுவறா."

படம் முடியும்வரை பேசிக்கொண்டே இருந்தார்கள். முடிவில் அந்தப் பெண் சொன்னதுதான் சரியாக இருந்தது. எனக்கு அந்த மோதிரம் தெரியவே இல்லை. மலைமேல் பேசிய மீதி நாட்களில், அந்த ஒரு வார்த்தையைச் சொல்லக் கூச்சப்பட்டதில்லை. நான் அதைச் சொல்லும்போதெல்லாம் குடோன் விழித்துக்கொள்ளும்.

பின்னாளில் இந்த டப்பிங் வேலைக்கு வந்து எழுதிய என் பழைய வசனத் தாள்களில் ஓரத்தில் பென்சிலால் அங்கங்கே "தெரியல" என்று எழுதியிருப்பதைப் பார்த்து நீங்கள் சிரிப்பது எனக்குத் தெரியும். படக் கம்பெனிக்குப் போன் போட்டு, மூலத்தில் என்ன என்று கேட்டு, பதில் வந்த பிறகுதான் அதை அழிப்பேன். போன மாதம் நான் எடுக்கச் சொன்ன வரியை எழுதியவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். அந்த இடத்தில் அவன் உண்மையில் என்ன சொல்கிறான் என்று. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஓசை நல்லா இருந்தது மேடம்" என்றார்.

அதனால்தான் எனக்குப் பேச்சு வரவில்லை. என் மேஜை இழுப்பறையில் அந்தத் தாள் இருக்கிறது. அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு வார்த்தை எழுதி வைத்திருக்கிறேன். கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு நீங்களே அழித்துவிடுங்கள்.